தில்லானாவை மறுபடி பார்க்கப் போகும் பிள்ளைகளுக்கு

சோழகக் காற்று எழும்பிக் கடல் குழம்பினால் நம் புத்தளம் மாவட்டத்துப் பள்ளிவாசல்துறையில் வள்ளங்கள் கரையேறிவிடும், வீடுகளில் ஆள் நிறையும். அப்போதுதான் யாராவது பெரியவர் பழைய படம் போடச் சொல்லுவார். "முடிவு தெரிஞ்ச படத்தை எதுக்குத் திரும்பவும் பார்க்கிற?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஏ. பி. நாகராசன் இயக்கி 1968 ஜூலையில் வெளிவந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தை வைத்தே பதில் சொல்கிறேன்.

1. முதல் தடவை கதையை மட்டும் பாருங்கள். நாயனக்காரர் சிக்கல் சண்முகசுந்தரம், நாட்டியக்காரி மோகனாம்பாள். இருவருக்கும் யார் கலை பெரிது என்று போட்டி, போட்டிக்குள்ளே காதல், குறுக்கே பணக்காரரும் தரகர் வைத்தியும். கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை இது. வாரம் வாரம் காத்திருந்து வாசித்தவர்கள் முடிவு தெரிந்துகொண்டே படத்துக்கும் போனார்கள்.

2. அடுத்த தடவை காதைக் கொடுங்கள். திரையில் ஊதுவது சிவாஜியும் ஏ. வி. எம். ராஜனும். நாம் கேட்பது மதுரை எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாயனம். இசை கே. வி. மகாதேவன். இது தெரிந்த பிறகு சிவாஜியின் கன்னத்தையும் கழுத்து நரம்பையும் பாருங்கள். சீவாளியை உதட்டில் வைக்கும் விதம், மூச்சு எடுக்கும் இடம், துளைகளில் விரல் எழும்பும் நேரம் எல்லாவற்றையும் இன்னொருவர் வாசிப்போடு பொருத்தியிருக்கிறார். கதைக்குப் பின்னால் ஓடும் கண்ணுக்கு இது தெரியாது. கதை தெரிந்துபோன கண்ணுக்குத்தான் ஓய்வு உண்டு.

3. வாசிக்கிறவரை விட்டுவிட்டுக் கேட்கிறவரைப் பாருங்கள். நான் சொல்ல வந்ததே இதுதான். தவில்காரர் முத்துராக்குவாக வரும் டி. எஸ். பாலையா, தன் முறை வரும்வரை என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். சண்முகசுந்தரம் மறைந்து நின்று மோகனாவின் ஆட்டத்தைப் பார்க்கும் இடத்தில் சிவாஜிக்கு வசனமும் இல்லை, நாயனமும் இல்லை. பார்ப்பது மட்டுமே வேலை. அவர் அங்கே நிற்பதை அறிந்தே அவள் ஆடுகிறாள். வழுவூர் இராமையா பிள்ளையிடம் பரதம் கற்ற பத்மினி, சபைக்கு ஓர் ஆட்டமும் ஒளிந்து நிற்பவனுக்கு ஓர் ஆட்டமும் ஒரே உடம்பில் ஆடிக் காட்டுகிறார். ஒருவர் கலையை மற்றவர் மனம்விட்டுக் கேட்பதுதான் இந்தப் படத்தின் காதல். இதைப் பிடித்துக்கொண்டால் படம் பழசாகாது.

4. ஒரு தடவைக்கு ஒரு துணைப் பாத்திரம். நாகேஷின் வைத்தி, சி. கே. சரஸ்வதியின் வடிவாம்பாள், மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணி. நாயனத்தைப் பற்றி ரமாமணி வெள்ளந்தியாகக் கேட்கும் கேள்விக்கு எல்லோரும் சிரிக்கிறோம். இரண்டு மூன்று தடவை பார்த்த பிறகு அந்தப் பெண்ணின் மரியாதையும் தனிமையும் தெரிய வரும்.

5. பாட்டை மட்டும் வெட்டி எடுத்து போனில் பார்க்காதீர்கள். காயம்பட்டு மீண்ட சண்முகசுந்தரத்தைச் சபை நடுவே மோகனா நலம் விசாரிக்கும் பாட்டு இருக்கிறதே, அவர்கள் சண்டையும் பிரிவும் பார்க்காதவருக்கு அது இனிய பாட்டு, அவ்வளவுதான். முழுக்கப் பார்த்து வந்தவருக்குத் தொண்டை அடைக்கும்.

6. குறையை மறைக்க வேண்டாம். மதன்பூர் மகாராஜா வரும் பிற்பகுதி நீளம். சண்முகசுந்தரத்தின் கோபமும் சந்தேகமும் இளவயதில் ஆண்மையாகத் தெரிந்தன. வயது போனபின் மோகனா பொறுத்துப்போகும் இடங்களே மனதில் நிற்கின்றன. பிள்ளைகள் சண்முகசுந்தரத்தைத் திட்டினால் திட்டட்டும்.

7. தனியே பார்க்காதீர்கள். வீடியோ டெக்கும் ஜெனரேட்டரும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து ஊரே படம் பார்த்த காலம் ஒன்று இருந்தது. முன்கூட்டியே வசனம் சொல்லும் உம்மாவை அதட்டாதீர்கள். இந்தப் பாட்டுகளை இலங்கை வானொலியில் கேட்டே மனப்பாடம் செய்தவர் அவர். எந்த இடத்தில் அவர் பேச்சை நிறுத்துகிறார் என்று பாருங்கள்.

8. படத்தோடு நின்றுவிடாதீர்கள். தமிழ்நாட்டு மேடைகளையும் அதிரவைத்த தவில் மேதை தட்சிணாமூர்த்தி யாழ்ப்பாணத்துக்காரர். இந்தக் கலை நமக்கு வெளியூர்ச் சரக்கல்ல. நம் புத்தளம் மாவட்டத்திலேயே முன்னேஸ்வரம் கோயில் இருக்கிறது. அடுத்த திருவிழாவுக்கு அந்தப் பக்கம் போனால் கடைத்தெருவில் நேரத்தைக் கழிக்காமல் மேளக்காரர் பக்கத்தில் போய் நில்லுங்கள். வாசிப்பு முடியும்வரை போனை எடுக்காதீர்கள்.