அரைக் கிலோ கஸ்டமர்: சின்சில்லாவிடம் பெயர் வாங்குவது எப்படி?

நாயைக் குளிப்பாட்டவும் பூனைக்கு நகம் வெட்டவும் ஆள் தேவை என்று விளம்பரம் போட்டால் கியூ நிற்கும். "சின்சில்லா தூக்கத் தெரியுமா?" என்று ஒரு கேள்வியைச் சேர்த்துப் பாருங்கள், கியூவில் முக்கால்வாசிப் பேர் ஜகா வாங்கிவிடுவார்கள். போட்டி குறைவான அந்த இடத்தைப் பிடிப்பது பற்றித்தான் பேசப்போகிறோம்.

பிரிட்டன், அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் சின்சில்லா என்ற கொறிவிலங்கை வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வெளியூர் போனால் பெட் சிட்டர் வேண்டும், இல்லையென்றால் போர்டிங் வேண்டும். சின்சில்லாவுக்கு உடம்பு சரியில்லை என்றால், நாய், பூனை அல்லாத விலங்குகளைப் பார்க்கும் எக்ஸாடிக் கிளினிக் வேண்டும். அங்கே படித்துக்கொண்டே பார்ட் டைம் வேலை தேடுகிறவர், வெட்டர்னரி நர்ஸ் டிரெயினிங்கில் இருப்பவர், இங்கே கால்நடை மருத்துவம் முடித்துவிட்டு எக்ஸாடிக் பக்கம் போகலாமா என்று யோசிப்பவர், எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன். நடுவில் ஒரு எச்சரிக்கை. பிரிட்டனில் மாணவர் விசாவில் இருப்பவர்கள் சொந்தமாகத் தொழில் செய்யக் கூடாது. பெட் சிட்டிங்கைத் தனியாக எடுத்துச் செய்யாமல் ஒரு கடையிலோ கிளினிக்கிலோ சம்பளத்துக்குச் சேருங்கள்.

வேலைக்குப் போகுமுன் கம்பெனியைப் பற்றிப் படிப்பதுபோல, கஸ்டமரைப் பற்றியும் படித்துக்கொள்ளுங்கள். சின்சில்லா தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்காரர். எடை 400 முதல் 600 கிராம். பெண், ஆணைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு மயிர்க்காலிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட முடிகள் முளைக்கும். அந்த ரோமத்துக்காகவே வேட்டையாடி இனத்தை அழிவின் ஓரத்துக்குத் தள்ளினார்கள். மிஞ்சியவற்றைக் காப்பதற்கென்றே சிலி நாடு 1983-ல் 'லாஸ் சின்சில்லாஸ்' என்ற காப்பகத்தை அமைக்க வேண்டிவந்தது.

அமெரிக்க வீடுகளுக்குச் சின்சில்லா வந்த கதையில் ஒரு தொழில் பாடம் இருக்கிறது. சிலியில் சுரங்க எஞ்சினியராக இருந்த மத்தியாஸ் சாப்மன் என்ற அமெரிக்கர், 1923-ல் பதினோரு சின்சில்லாக்களைக் கப்பலேற்றிக் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுவந்தார். மலையிலிருந்து ஒரேயடியாக இறக்கினால் தாங்காது என்று தெரிந்து, மாதக்கணக்கில் இடம் மாற்றி மாற்றிப் படிப்படியாகக் கீழே இறக்கினார். கப்பலில் வெப்பம் தாக்காமல் இருக்க ஐஸ் வைத்தார். அமெரிக்காவின் வளர்ப்புச் சின்சில்லாக்களில் பெரும்பாலானவை அந்தப் பதினொன்றின் வாரிசுகள் என்று சொல்வார்கள். அவசரக்காரர் யாராவது அந்த வேலையைச் செய்திருந்தால் கப்பல் காலியாகத்தான் வந்திருக்கும்.

1. ஈவ்னிங் ஷிஃப்ட் கேட்டு வாங்குங்கள்

சின்சில்லா பகலில் தூங்கும், பொழுது சாயும்போது விழிக்கும். காலை பத்து மணிக்கு அதை எழுப்பிப் பழக நினைப்பவர், நடு இரவில் உங்களை எழுப்பி லோன் வேண்டுமா என்று கேட்கும் டெலிகாலரைப் போன்றவர். மற்றவர்கள் வேண்டாம் என்று தள்ளும் மாலை ஷிஃப்டை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். மேனேஜருக்கு உங்கள்மேல் நல்ல அபிப்பிராயம் வரும். சின்சில்லாவுக்கும் வரும்.

2. முதல் சில நாள் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

புது இடத்துக்கு வந்த சின்சில்லாவைத் தொடவே வேண்டாம். தீனி வையுங்கள், தண்ணீர் மாற்றுங்கள், கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்காருங்கள். தாழ்ந்த குரலில் ஏதாவது பேசுங்கள். நாளைய வேலைப் பட்டியலைப் படித்தாலும் சரிதான். முக்கியம், தினமும் அதே நேரம், அதே குரல், அதே வரிசையில் வேலைகள். உங்கள் அடுத்த அசைவு என்ன என்று அதற்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். சின்சில்லா உங்களை நம்புவது என்றால் நடைமுறையில் அவ்வளவுதான். பாசம், பந்தம் எல்லாம் பிறகு வந்தால் போனஸ்.

பக்கத்தில் வேலை செய்பவர் முதல் நாளே தூக்கி செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் போடுவார். போடட்டும். அந்த விலங்கு அவரைப் பார்த்ததும் மூலைக்கு ஓடுவதை ஓனரும் ஒருநாள் பார்ப்பார்.

3. கை பக்கவாட்டில் வரட்டும்

காட்டில் சின்சில்லாவைத் தின்பவை மேலிருந்து பாயும் பறவைகளும் நரிகளும். அதனால் தலைக்கு மேலிருந்து வரும் எந்தக் கையும் இதற்குப் பருந்துதான். மேல்பக்கம் மட்டும் திறக்கும் கூண்டு இந்த விலங்குக்குச் சரிப்படாது. கொள்முதலில் உங்கள் பேச்சு எடுபடும் என்றால் முன்கதவு வைத்த கூண்டை வாங்கச் சொல்லுங்கள்.

சோப்பு போட்டுக் கை கழுவி, சென்ட் வாசனை இல்லாமல், உள்ளங்கை மேலே பார்க்கும்படி கூண்டின் தரையில் வைத்துவிட்டுச் சும்மா இருங்கள். வரும், முகரும், விரலை மெல்லக் கடித்துப் பார்க்கும். அது சோதனைக் கடி. வலிக்காது. வெடுக்கென்று கையை இழுத்தீர்களானால், 'கடித்தால் இது ஓடும்' என்று கற்றுக்கொள்ளும், அடுத்த முறை பலமாகக் கடிக்கும். கையில் ஏறிவந்த பிறகு தாடைக்குக் கீழும் காதுக்குப் பின்னும் மெல்லச் சொறிந்துவிடுங்கள். முதுகைத் தடவும் ஆசையைத் தள்ளிப்போடுங்கள்.

லஞ்சம் கொடுக்கலாம், அளவாக. ஒரு சிட்டிகை ஓட்ஸ், ஒரு காய்ந்த ரோஸ்ஹிப் (ரோஜாக் காய்) போதும். நிறைய ஓனர்கள் உலர்திராட்சையை நீட்டுவார்கள். அதில் சர்க்கரை அதிகம், இதன் வயிற்றுக்கு ஆகாது. இது வாழ்வது திமோத்தி புல் மாதிரியான காய்ந்த புல்லைத் தின்று. வாந்தி எடுக்க முடியாத விலங்கு என்பதையும் நினைவில் வையுங்கள். தப்பாக உள்ளே போனது வெளியே வராது.

4. தூக்குவது

இங்கேதான் ஆள் தேறுவதும் தேறாததும் தெரியும்.

சின்சில்லாவை இறுக்கிப் பிடித்தால் பிடித்த இடத்து ரோமம் கொத்தாகக் கையோடு வந்துவிடும், விலங்கு தப்பி ஓடிவிடும். வேட்டையாடும் மிருகத்தின் வாயில் முடியை மட்டும் விட்டுவிட்டு உயிர்தப்ப இயற்கை கொடுத்த ஏற்பாடு. துறையில் இதை 'ஃபர் ஸ்லிப்' என்பார்கள். வலிக்காது, ஆனால் வழுக்கை விழுந்த இடத்தில் முடி திரும்ப முளைக்க வாரக்கணக்கில் ஆகும், பழைய நிலைக்கு வர மாதங்களும் ஆகலாம். அதுவரை உங்கள் கைவரிசையை ஓனர் தினமும் பார்த்துக்கொண்டிருப்பார். அப்படி நடந்துவிட்டால் மறைக்க வேண்டாம். அன்றைக்கே ரெக்கார்டில் எழுதி, அவர் கேட்குமுன் நீங்களே போன் செய்து சொல்லுங்கள். தானே கண்டுபிடிக்கும் ஓனர் ரிவ்யூ எழுதுவார். முன்பே கேள்விப்பட்ட ஓனர் பெரும்பாலும் எழுதமாட்டார்.

இரண்டாவது ஆபத்து விலா எலும்பு. பந்து மாதிரி தெரிவதெல்லாம் ரோமம், உள்ளே இருப்பது மெலிந்த உடம்பு. நெஞ்சைச் சுற்றி விரல்களை மடக்கி அழுத்தவே கூடாது. ஒரு கை நெஞ்சுக்கு அடியில், இன்னொரு கை பின்னங்கால்களுக்கும் பிட்டத்துக்கும் அடியில். தூக்கியதும் உங்கள் மார்போடு சேர்த்துக்கொள்ளுங்கள். கால் அந்தரத்தில் தொங்கினால் உதைத்துக் குதிக்கும். இது கிட்டத்தட்ட ஆறடி உயரம் தாவக்கூடிய விலங்கு, ஆனால் கையிலிருந்து எக்குத்தப்பாக விழுந்தால் கால் முறியும். ஆகவே பழகும் காலம் முழுக்கத் தரையில் உட்கார்ந்தே தூக்குங்கள். நின்றுகொண்டு தூக்குவதில் எந்தப் பெருமையும் இல்லை.

வால்? கிளினிக்கில் பரிசோதனைக்காக அசையாமல் பிடிக்க வேண்டியிருந்தால், உடம்போடு ஒட்டிய அடிப்பகுதியை மட்டும் மெல்லப் பிடிக்கலாம். அப்போதும் இன்னொரு கை உடம்பின் முழு எடையையும் தாங்க வேண்டும். வாலின் நடுவிலோ நுனியிலோ பிடித்தால் தோல் உரிந்துவரும். சீனியர் ஒருவர் செய்து காட்டும்வரை இதை முயற்சிக்க வேண்டாம்.

இனி ஒரு தொழில் ரகசியம். தூக்காமலேயே இடம் மாற்றலாம். சின்சில்லா தண்ணீரில் குளிக்காது. மாவு போன்ற எரிமலைத் தூளில் புரண்டுதான் குளிக்கும், அதற்காக எதையும் செய்யும். அந்தத் தூள் தொட்டியைக் கூண்டுக்குள் வையுங்கள். தானாக உள்ளே குதிக்கும். தொட்டியின் வாயைக் கையால் மறைத்து அப்படியே எடுத்துப் போங்கள். துரத்தலும் இல்லை, ரோமமும் கொட்டாது. அறை முழுக்க இதைத் துரத்தி மூலையில் மடக்கிப் பிடிக்கும் வீரர்கள் இருக்கிறார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் முந்தைய மாதத்து உழைப்பு போய்விடும்.

5. 'நோ' சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள்

நாய்க்குட்டி குரைப்பதுபோல விட்டுவிட்டு ஒலித்தால் பயம் அல்லது எச்சரிக்கை. பல்லை நறநறத்து முன்னங்காலைத் தூக்கினால் 'தள்ளி நில்'. பெண் சின்சில்லா பின்னங்காலில் நிமிர்ந்து நின்றால் இரண்டடி பின்னால் போய்விடுங்கள், அடுத்து சிறுநீர் பீய்ச்சும், குறியும் தப்பாது. மாற்று யூனிஃபார்ம் ஒன்று லாக்கரில் இருக்கட்டும்.

எதிர்ப்பு வந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். பிடிவாதத்தில் அதை ஜெயிப்பதால் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூட ஏறாது.

6. தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்

அவ்வளவு அடர்ந்த ரோமக் கோட்டைப் போட்டுக்கொண்டு வியர்க்கத் தெரியாத விலங்கு. அறை 20 டிகிரி செல்சியஸை ஒட்டியோ அதற்குக் கீழோ இருந்தால் நிம்மதி. 27-ஐத் தாண்டினால் ஹீட் ஸ்ட்ரோக் அபாயம். வளர்ப்பவர்களிடம் ஒரு சுலபக் கணக்கு உண்டு. ஃபாரன்ஹீட் வெப்பநிலையோடு காற்றின் ஈரப்பத சதவீதத்தைக் கூட்டினால் 150-ஐத் தாண்டக் கூடாது. சென்னை மே மாதத்தில் வெப்பநிலையே 100-ஐத் தொடும். ஈரப்பதத்தையும் கூட்டி நீங்களே விடை போட்டுப் பாருங்கள். ஏசியும் ஜெனரேட்டரும் இருபத்துநாலு மணி நேரமும் ஓடும் வீடு இல்லையென்றால் இங்கே சின்சில்லா வளர்க்கவே வேண்டாம் என்பது என் கட்சி.

காது சிவந்து சூடாக இருந்தால், மல்லாந்தோ பக்கவாட்டிலோ துவண்டு படுத்திருந்தால் உடனே குளிர்ந்த இடத்துக்கு மாற்றி டாக்டரைக் கூப்பிடுங்கள். பிளாஸ்டிக் உருண்டைக்குள் விட்டு ஓடவிடும் பொம்மையை ஓனர் கொண்டுவந்தால் மரியாதையாகத் திருப்பிக் கொடுங்கள். உள்ளே போதிய காற்றோட்டம் இல்லை.

7. கிராம் தராசு உங்கள் ரெஸ்யூமே

கூண்டுக்குள் தராசை வைத்து அதன் கிண்ணத்தில் ஒரே ஒரு ஓட்ஸ் போடுங்கள். சில வாரங்களில் தானாக ஏறி உட்காரும். வாரம் ஒருமுறை எடை எழுதுங்கள். கூடவே புழுக்கையின் அளவும் எண்ணிக்கையும், பல்லின் நிறமும். ஆரோக்கியமான முன்பல் ஆரஞ்சு கலந்த மஞ்சளாக இருக்கும். பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பதால் புல் தின்னாத சின்சில்லாவுக்குப் பல்லிலேயே சிக்கல் வரும். எடை தொடர்ந்து இறங்கினாலும், ஒருநாள் தீனியைத் தொடாமல் இருந்தாலும் காத்திருக்க வேண்டாம், அது எமர்ஜென்சி. டாக்டர் கேட்கும் முதல் கேள்விக்கு உங்கள் நோட்டில் பதில் இருந்தால், அடுத்த முறை அவர் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்.

8. ஓனரிடம் பொய் சொல்லி விற்காதீர்கள்

"மடியில் படுத்துத் தூங்குமா?" என்று கேட்பார்கள். சில தூங்கும், பல தூங்காது. தோளில் ஏறும், முடியைக் கடிக்கும், அடுத்த நொடி அலமாரிக்குத் தாவும். மடியில் வைத்துக் கொஞ்ச விலங்கு கேட்கும் சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இது வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். இன்றைக்கு ஒரு சேல் கைவிட்டுப் போகும். ஆனால் பத்திலிருந்து இருபது ஆண்டுவரை வாழும் விலங்கு இது. ஒத்துவரும் ஒரு ஓனர் கிடைத்தால் உங்கள் போர்டிங் டைரியில் அத்தனை வருடத்துக்கு ஒரு பக்கம் நிரம்பும்.

இன்டர்வியூவில் டெமோ காட்டச் சொன்னால் நேராகக் கூண்டுக்குப் போகாதீர்கள். இதை வழக்கமாக யார் தூக்குகிறார்கள், கடைசியாக எப்போது எடை பார்த்தது, அறை வெப்பநிலை என்ன என்று கேளுங்கள். பகல் நேரம் என்றால், மாலையில் வந்து செய்து காட்டட்டுமா என்று கேளுங்கள். விஷயம் தெரிந்த முதலாளி அங்கேயே பாதி முடிவுக்கு வந்துவிடுவார்.

ரேட் பேசும்போது நாய்க்கு வாங்கும் ரேட்டிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். மாலை விசிட், அறை வெப்பநிலைக் கண்காணிப்பு, வாராந்திர எடை ரிப்போர்ட் ஆகிய மூன்றையும் தனித்தனி வரியாக எழுதிக் காட்டிவிட்டு, அதற்குக் கீழே தொகையைப் போடுங்கள்.