பாட்டிலில் பாதி, உடம்புக்குள் மீதி

மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் 2025-இல் குழந்தைகள் அடுத்தடுத்துச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த இருமல் மருந்து காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழக அரசின் ஆய்வகம் சோதித்தபோது அதில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் இருந்தது. 0.1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி.

நம்பிக்கை: வீட்டில் அளவு தெரியாமல் அதிகம் கொடுத்திருப்பார்கள்.

உண்மை: பெற்றோர் மேல் பழி போட வசதியான பேச்சு. பாதிக்குப் பாதி விஷமான சிரப்பை, டாக்டர் எழுதிய அளவிலேயே சில நாள் கொடுத்தாலும் சின்னக் குழந்தை தாங்காது.

நம்பிக்கை: இந்த விஷம் கல்லாகப் படிந்து சிறுநீரகத்தை அடைக்கிறது.

உண்மை: அது கார் ரேடியேட்டரில் ஊற்றும் எத்திலீன் கிளைக்காலின் வேலை. பெயரில் நெருங்கிய உறவு என்றாலும் டைஎத்திலீன் கிளைக்கால் வேறு வழியில் கொல்கிறது. சாராயத்தை மாற்றும் அதே கல்லீரல் நொதிகள்தான் இதையும் படிப்படியாக டைகிளைக்காலிக் அமிலமாக மாற்றுகின்றன. அவற்றில் முதல் நொதியைத் தடுக்கும் ஃபோமெபிசோல் என்ற மருந்தை எலிகளுக்குச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். விஷம் உள்ளே போயும் சிறுநீரகம் தப்பியது. மனிதச் சிறுநீரகக் குழாய்ச் செல்களை ஆய்வகத்தில் வளர்த்து, மாற்றத்தின் ஒவ்வொரு கட்டப் பொருளையும் தனித்தனியே விட்டபோது செல்களைக் கொன்றது கடைசியில் வரும் இந்த அமிலம்தான். மைட்டோகாண்ட்ரியாவை முடக்கி, செல்லை ஆற்றலின்றிச் சாகவிடுகிறது. ஆக, பாட்டிலில் இருப்பது மூலப்பொருள். கொல்லும் சரக்கை நம் கல்லீரலே தயாரிக்கிறது.

நம்பிக்கை: இந்த மருந்தைக் குடித்து வந்த வாந்தி நின்றுவிட்டால் பயமில்லை.

உண்மை: அமிலம் சேர நேரம் பிடிக்கும். குழந்தை சிறுநீர் கழிப்பது குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் உடனே மருத்துவமனை. அமிலம் சேர்ந்துவிட்ட பிறகு ஃபோமெபிசோலால் பெரிய பயனில்லை, டயாலிசிஸ்தான்.

நம்பிக்கை: இப்படி ஆகும் என்று யாருக்குத் தெரியும்?

உண்மை: 1937-இலேயே தெரியும். அமெரிக்காவில் 'எலிக்ஸிர் சல்ஃபனிலமைடு' குடித்து 105 பேர் இறந்தார்கள். 34 பேர் குழந்தைகள். அதில் கரைப்பானாக இருந்த டைஎத்திலீன் கிளைக்காலே விஷம் என்று சிகாகோ பல்கலைக்கழகக் குழு எலிகளை வைத்துக் காட்டியது. 1986-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் கிளிசரினோடு இதே விஷம் கலந்து வந்து 14 பேரைக் கொன்றது. சிரப்பில் சேர்க்கும் கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால் பீப்பாய்களில் இந்தக் கலப்படத்தைக் கண்டுபிடிக்கும் குரோமட்டோகிராஃபி சோதனை புதிதல்ல. சரக்கு கலவைத் தொட்டிக்குள் போகுமுன் அதைச் செய்ய வேண்டியது மருந்து ஆலையின் வேலை.