பள்ளிக்கூடப் பை: படத்தைப் பார்த்து வாங்காதீர், தையலைப் பார்த்து வாங்குங்கள்

சித்திரைத் திருவிழா முடிந்து கூட்டம் கலைந்ததும் மதுரை வியாபாரிகளின் கவனம் பள்ளிக்கூடச் சரக்கின் பக்கம் திரும்பும். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி பக்கத்து மளிகைக் கடைக்காரர்கள் நோட்டு, பேனாவோடு பத்து இருபது பைகளும் வாங்கிப் போய்க் கடை வாசலில் தொங்கவிடுவது வழக்கம். துவரம்பருப்பைக் கையில் அள்ளியதுமே தரம் சொல்லக்கூடியவர்கள், பையை மட்டும் மேலே அச்சிட்ட படத்தைப் பார்த்து எடுக்கிறார்கள். நஷ்டம் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு குடும்பம் பை வாங்குவது ஆண்டுக்கு ஒருமுறை. அரிசியும் எண்ணெயும் வாங்குவது மாதாமாதம். காலாண்டுத் தேர்வுக்கு முன்பே பை பிய்ந்துபோனால் அவர்கள் பையை மட்டும் குறை சொல்லமாட்டார்கள். நம் கடையையே குறை சொல்வார்கள். பையில் வரும் சிறு லாபத்துக்காக மாதாந்திரப் பற்றுவரவை இழக்கலாமா? ஆகவே கொள்முதலின்போது கீழ்க்கண்டவற்றைக் கவனிப்போம்.

முதலாவது, எடை. பிள்ளைகளின் புத்தகச் சுமை நெடுநாள் பேச்சு. 1989-இல் எழுத்தாளர் ஆர்.கே.நாராயண் மாநிலங்களவையில் இதைப் பற்றிப் பேசினார். 1993-இல் யஷ்பால் குழு அறிக்கை தந்தது. மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டுப் பள்ளிப் பை கொள்கை, பையின் சுமை பிள்ளையின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்கிறது. 1, 2-ஆம் வகுப்புக்கு 1.6 முதல் 2.2 கிலோ, 3 முதல் 5 வரை 1.7 முதல் 2.5 கிலோ; 9, 10-ஆம் வகுப்புக்கு 2.5 முதல் 4.5 கிலோ என்பது அதில் கண்ட அளவு. 20 கிலோ எடையுள்ள பிள்ளை 2 கிலோதான் சுமக்கலாம். வெறும் பையே ஒரு கிலோ என்றால் பாதி அதிலேயே போய்விடும். நம்மிடம்தான் தராசு இருக்கிறதே, வெறும் பையை நிறுத்துப் பார்த்து வாங்குவோம்.

இரண்டாவது, வார். இரண்டு தோளுக்கும் இரண்டு வார், உள்ளே பஞ்சு வைத்து, மூன்று விரல் அகலமாவது இருக்கவேண்டும். மெல்லிய வார் தோளை அறுக்கும். நீளத்தைக் கூட்டிக் குறைக்க வசதி வேண்டும். பையின் அடிப்பாகம் இடுப்புக்குக் கீழே தொங்கினால் பிள்ளை முன்னே குனிந்துதான் நடக்கும். "இரண்டு வருஷத்துக்கு வரட்டும்" என்று பெரிய பை கேட்கும் பெற்றோருக்கு இதை எடுத்துச் சொல்லலாம். சக்கரம் வைத்த பையை மேற்படி கொள்கையே வேண்டாம் என்கிறது. மாடிப்படியில் பிள்ளைகளுக்கு அடிபடும்.

மூன்றாவது, துணி. 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுதான் டெனியர். 600 டெனியர் பாலியஸ்டர் பள்ளிப் பைக்குத் தாராளம். ஆனால் எண்ணை மட்டும் நம்பவேண்டாம். உட்புறப் பூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்து, ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஐப்பசி மழையில் நனைந்து வரும் புத்தகத்துக்குப் பதில் சொல்லவேண்டியவர் கடைக்காரர்தான்.

நான்காவது, தையலும் ஜிப்பும். பையை உள்ளே வெளியே திருப்புங்கள். துணி ஓரங்கள் நாடா வைத்து மூடித் தைத்திருக்கவேண்டும். நூல் பிரிந்து தொங்கக்கூடாது. வார் சேரும் இடத்தில் பலமுறை ஓட்டித் தைத்திருக்கவேண்டும். ஜிப்பைப் பத்துத் தடவை இழுத்து, வளைவுகளில் சிக்குகிறதா என்று பாருங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. டஜனுக்கு ஒரு பையில் 5 கிலோ அரிசியைப் போட்டு, ஒற்றை வாரில் இரவு முழுதும் கொக்கியில் மாட்டுங்கள். காலையில் ஊசித் துளைகள் விரிந்திருந்தால் அந்தச் சரக்கைத் திருப்பிவிடுங்கள். தையல் குறைக்கு மாற்றித் தருவதாக மொத்த வியாபாரிகளான எங்களிடம் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். நல்ல சரக்கு தருபவர் எழுதித் தரத் தயங்கமாட்டார்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசே விலையில்லாப் பை கொடுப்பதால், உங்கள் ஊரில் தனியார் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளைக் கணக்கிட்டுச் சரக்கு எடுங்கள். இருபது மட்டமான பையைவிட எட்டு நல்ல பை மேல். அடுத்த ஜூனிலும் அதே குடும்பம் நம் கடைப் படியேறினால் அதுவே நமக்கு லாபம்.