பொலிஸாரைத் தாக்கியதாகக் குற்றச்சாட்டா? கண்டியில் என்ன செய்ய வேண்டும்

கட்டுகஸ்தோட்டை வீதியில் ஒரு வாகனச் சோதனை. அனுமதிப்பத்திரம் கேட்ட இடத்தில் வாய்த்தர்க்கம் முற்றுகிறது. தோளைப் பிடித்த உத்தியோகத்தரின் கையை ஓட்டோ சாரதி தட்டிவிடுகிறார். கொஞ்ச நேரத்தில், கடமையிலிருந்த பொலிஸ் உத்தியோகத்தரைத் தாக்கியதாக அவர்மீது முறைப்பாடு பதிவாகிறது. இந்த வழக்கில் சிக்க ஒருவர் சண்டியராக இருக்க வேண்டியதில்லை. ஒரு நிமிடக் கோபம் போதும். அதன் பிறகு வரும் முதல் நாளில் என்ன செய்கிறோம், என்ன செய்யாமல் விடுகிறோம் என்பதில்தான் வழக்கின் பாதி தங்கியிருக்கிறது.

1. கையை இறக்குங்கள்

கைது நியாயமில்லை என்று தோன்றினாலும் உடலால் எதிர்க்காதீர்கள். அரச உத்தியோகத்தர் நல்லெண்ணத்துடன் தன் பதவியின் பேரில் செய்யும் செயல் சட்டத்துக்கு முற்றிலும் பொருந்தாவிட்டாலும், உயிருக்கோ பெருங்காயத்துக்கோ அஞ்ச நியாயமான காரணம் இல்லாதவரை தற்காப்பு உரிமையைக் கோர முடியாது. தண்டனைச் சட்டக்கோவையின் 92ஆம் பிரிவு சொல்வது இதுதான். கைது சரியா பிழையா என்பதை வாதாட வேண்டிய இடம் நீதிமன்றம். பிடியாணையின்றிச் செய்யும் கைதையும் தேடுதலையும் நீதிமன்றங்கள் கூர்ந்து ஆராய வேண்டும் என்று முத்துசாமி எதிர் கன்னங்கர வழக்கில் நீதியரசர் கிரேஷியன் 1951இலேயே வலியுறுத்தியிருக்கிறார்.

2. காரணத்தைக் கேளுங்கள், வீட்டுக்குச் சொல்லுங்கள்

கைதுக்கான காரணத்தை அறிவது அரசியலமைப்பின் 13(1)ஆம் உறுப்புரை தரும் உரிமை. எந்தப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்கள் என்பதை உடனே வீட்டாருக்குத் தெரியப்படுத்துங்கள். சட்டத்தரணி பொலிஸ் நிலையத்துக்கே வந்து உங்களுக்காகப் பேசலாம். அதற்கென 2012இல் விதிகள் வர்த்தமானியில் வெளிவந்தன. சாதாரணச் சட்டத்தின்கீழ் கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும்.

3. விளங்காத வாக்குமூலத்தில் ஒப்பமிடாதீர்கள்

கண்டியில் தமிழர் அதிகம் தடுமாறும் இடம் இது. நீங்கள் தமிழில் சொல்வீர்கள், புத்தகத்தில் அது சிங்களத்தில் எழுதப்படும். "தள்ளிவிட்டேன்" என்று நீங்கள் சொன்னது "அடித்தேன்" என்று பதிவாகியிருந்தால், ஒப்பமிட்ட பிறகு அதை மாற்றப் படாத பாடு பட வேண்டும். வாக்குமூலத்தைச் சொன்னவருக்கு வாசித்துக்காட்ட வேண்டும், மொழி தெரியாவிட்டால் விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும், திருத்தவும் சேர்க்கவும் இடமளிக்க வேண்டும் என்கிறது குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110ஆம் பிரிவு. சண்டை பிடிக்காமல், "எனக்குத் தமிழில் வாசித்துச் சொல்லுங்கள், பிறகு ஒப்பமிடுகிறேன்" என்று மரியாதையாகக் கேளுங்கள். பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை உங்களுக்கு எதிரான சாட்சியமாக்கச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு இடம் தருவதில்லை. அதை நம்பி வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடவும் கூடாது.

4. காயத்தைப் பதிவு செய்யுங்கள்

உங்களுக்கு அடி விழுந்திருந்தால், சிறு கீறலானாலும், சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டும்படி கேளுங்கள். நீதவான் முன் நிறுத்தப்படும்போதும் அதைச் சொல்லுங்கள். பிணையில் வந்தால் அன்றே கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ பேராதனை வைத்தியசாலைக்கோ போய், யார், எப்போது, எதனால் அடித்தார்கள் என்று வைத்தியரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். "விழுந்துவிட்டேன்" என்று பயத்தில் சொன்னால் அதுவே பதிவாகும்.

5. பிணைக்கு ஆயத்தமாகுங்கள்

1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின்படி பிணை வழங்குவதே விதி, மறுப்பது விலக்கு. தலைமறைவாவார், சாட்சிகளில் தலையிடுவார் போன்ற காரணங்களுக்காக மறுக்கலாம். ஆகவே நிலையான முகவரியும் தொழிலும் உண்டென்று காட்டுங்கள். பிணையாளிகள் தேசிய அடையாள அட்டையோடும் கிராம உத்தியோகத்தர் தரும் வதிவிடச் சான்றிதழோடும் காலையிலேயே நீதிமன்றத்துக்கு வரட்டும். சட்டத்தரணிக்குப் பணமில்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவின் கண்டி அலுவலகத்தை நாடலாம்.

6. சாட்சியத்தைத் திரட்டுங்கள்

அருகிலிருந்த கடைகளின் சீசீடிவி பதிவுகள் சில நாட்களில் அழிந்துவிடலாம். சட்டத்தரணி மூலம் அவற்றைப் பாதுகாக்கும்படி உடனே கேளுங்கள். கைபேசிக் காணொளியைப் பிரதியெடுத்து வையுங்கள். வெட்டவோ ஒட்டவோ வேண்டாம், முகநூலிலும் போட வேண்டாம். முறைப்பாட்டாளரான உத்தியோகத்தரைத் தேடிப்போய்ச் சமாதானம் பேசுவதும் ஆபத்து. சாட்சியை மிரட்டினார் என்று பிணையே இரத்தாகக்கூடும்.

7. சுருக்கமாக முடிக்க நினைத்துக் குற்றத்தை ஏற்காதீர்கள்

"ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டினால் இன்றோடு சரி" என்று யாராவது காதில் ஓதுவார்கள். தண்டனைச் சட்டக்கோவையின் 344ஆம் பிரிவில், உத்தியோகத்தரின் கடமையைத் தடுப்பதற்காகத் தாக்கிய குற்றத்துக்கு இரண்டு ஆண்டுவரை சிறை விதிக்க இடமுண்டு. காயம் ஏற்படுத்தியதாகச் சொன்னால் பிரிவு மாறும், பாரமும் கூடும். தண்டப்பணத்தோடு தப்பினாலும் குற்றத்தீர்ப்பு உங்கள் பெயரில் நிற்கும். வெளிநாட்டு வேலைக்கான பொலிஸ் நற்சான்றிதழிலும் அரச உத்தியோகத்திலும் அது குறுக்கே வரும். எந்தப் பிரிவின்கீழ் குற்றச்சாட்டு என்று அறிந்து, சட்டத்தரணியோடு பேசிய பிறகே சுற்றவாளியா குற்றவாளியா என்று பதில் சொல்லுங்கள். வழக்கைத் தமிழில் விளங்கிக்கொள்ள அரச செலவில் மொழிபெயர்ப்புக் கேட்கும் உரிமையை அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தருகிறது. ஒரு தவணையையும் தவற விடாதீர்கள்; விட்டால் பிடியாணைதான்.

8. ஒரு மாதம் கடந்துபோக விடாதீர்கள்

பொலிஸார் சித்திரவதை செய்திருந்தால், சட்டவிரோதமாகக் கைது செய்திருந்தால், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்கீழ் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதே மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம்; கண்டியில் அதன் பிராந்திய அலுவலகம் உண்டு, அவசர இலக்கம் 1996.

உத்தியோகத்தரை உண்மையிலேயே அடித்திருந்தாலும் இந்த உரிமைகள் எதுவும் உங்களை விட்டுப் போவதில்லை. தீர்ப்பு வரும்வரை நீங்கள் நிரபராதியாகவே கருதப்பட வேண்டும். இதை வாசிக்கும் பெற்றோர், பிள்ளைகளுக்கு இரண்டை மட்டுமாவது சொல்லி வையுங்கள்: பொலிஸார் முன் கை ஓங்காதே, விளங்காத தாளில் ஒப்பமிடாதே.