கோப்பித்தூளும் கட்டரும்

கேள்வி: ஹட்டனில் ஒரு சில்லறைக் கடையில் வேலை செய்கிறேன். அட்டைப்பெட்டி வெட்டும்போது கட்டர் இடது பெருவிரலில் இறங்கிவிட்டது. கோப்பித்தூள் வைத்துக் கட்டியிருக்கிறேன். 'உன் கவனக்குறைவு' என்கிறார் முதலாளி. நட்டஈடு கேட்கலாமா?

பதில்: முதலில் விரலைப் பாருங்கள், தம்பி. கோப்பித்தூள் மருந்தல்ல, காயத்தில் அழுக்கைச் சேர்த்து, தையல் போடுவதையும் சிரமமாக்கும். நுனி மரத்திருந்தாலோ மடக்க முடியாவிட்டாலோ நரம்போ தசைநாணோ அறுந்திருக்கலாம். டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கு இன்றே போங்கள். ஏற்பு ஊசியும் தேவைப்படலாம். வேலையில் பட்ட காயம் என்பதைச் சொல்லிப் பதியுங்கள், அங்கு தரும் துண்டைப் பத்திரப்படுத்துங்கள்.

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையின்போது, வேலையின் காரணமாக நேரும் காயத்துக்கானது. குடிபோதை, பாதுகாப்புக்கான கட்டளையை வேண்டுமென்றே மீறுவது போன்றவை வேறு. வெறும் கவனக்குறைவு உங்கள் உரிமையைப் பறிக்காது. முதலாளிமார் வழக்கமாகச் சொல்வதுதான், விடுங்கள். விபத்தை முதலாளிக்கு எழுத்தில் அறிவித்துப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் விண்ணப்பிக்கலாம். ஹட்டன் தொழில் அலுவலகத்தில் வழி கேளுங்கள்.

கவனக்குறைவு என்பவரிடம் ஒன்று கேளுங்கள்: அலகை எப்போது மாற்றினார்? மழுங்கிய அலகை அழுத்தி இழுக்கும்போதுதான் அது வழுக்கிக் கையில் பாயும். பெட்டியைப் பிடிக்கும் கை வெட்டும் கோட்டில் இருக்கக் கூடாது.