பெயர் ஓடும்போதே பதற்றம்

கேள்வி: சில படங்களில் டைட்டில் ஓடும்போதே இது எந்த மாதிரிப் படம் என்று தெரிந்துவிடுகிறதே, எப்படி?

பதில்: ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) டைட்டிலைப் பாருங்கள். வடிவமைத்தவர் சால் பாஸ். ரத்தம் இல்லை, கத்தி இல்லை, ஒரு முகம்கூட இல்லை. பட்டைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பாய்கின்றன. பெயர்கள் துண்டாகி, ஒரு கணம் ஒன்றுசேர்ந்து, மறுபடி சிதறுகின்றன. கூடவே பெர்னார்ட் ஹெர்மனின் இசை, முழுக்கத் தந்தி வாத்தியங்களில். உடைந்த மனம் ஒன்றின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான முன்னுரை எனக்குத் தெரிந்து இல்லை. இத்தனைக்கும் படத்தின் முதல் அரை மணி நேரம் வெறும் பணத்திருட்டுக் கதைதான். ஆனாலும் நாம் நிம்மதியாக உட்கார முடிவதில்லை. டைட்டில் மூட்டிவிட்ட பதற்றம் அது. (ஓடிடியில் 'ஸ்கிப்' பொத்தானை அழுத்துகிறவர்கள் கவனிக்க.)

அதே வித்தையைச் சிரிப்புக்கும் பயன்படுத்தலாம். ஸ்பீல்பெர்க்கின் 'கேட்ச் மி இஃப் யூ கேன்' (2002) படத்தில் ஜான் வில்லியம்ஸின் ஜாஸ் இசைக்கு நிழலுருவங்கள் ஒன்றையொன்று துரத்தும். துரத்தல் உண்டு, ஆபத்து இல்லை என்று புரிந்துவிடும்.

'செவன்' (1995) படத்தில் கைல் கூப்பர் செய்தது வேறு. எழுத்துகள் கையால் கீறியவை. காட்டுவதெல்லாம் கொலைகாரனின் விரல்கள், பிளேடு, நோட்டுப் புத்தகங்கள். அவன் முகத்தைக் காட்டவில்லை. அந்த வேடத்தில் நடித்தவரின் பெயரும் அந்த டைட்டிலில் கிடையாது.