பெயருக்குள் அடங்காத இசை

பெசன்ட் நகருக்கு வடக்கே அடையாறு கடலில் கலக்கிறது. ஆறு எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்று அம்முகத்துவாரத்தில் கோடு கிழிக்க இயலாது. இசையிலும் அத்தகைய கூடல் உண்டு. 1986ஆம் ஆண்டு வெளிவந்த இளையராஜாவின் ‘ஹௌ டு நேம் இட்’ என்னும் இசைத்தொகுப்பு அதற்குச் சான்றாகும். ‘இதற்கு எப்படிப் பெயரிடுவது?’ என்பதே அத்தலைப்பின் பொருள்.

பண்ணைப்புரத்தில் நாட்டுப்புறப் பாடல்களோடு வளர்ந்த இளையராஜா, சென்னைக்கு வந்தபின் மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையைப் பயின்றார். 1976இல் ‘அன்னக்கிளி’ திரைப்படத்தின் வாயிலாக இசையமைப்பாளராக அறிமுகமானார். பத்தாண்டுகளுக்குப்பின், திரைக்கதையின் தேவை எதுவுமின்றி, கருவியிசையை முதன்மையாகக் கொண்டு இத்தொகுப்பைப் படைத்தார்.

தியாகராசருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் இதனைக் காணிக்கையாக்கினார். 1750இல் பாக் மறைந்து 17 ஆண்டுகள் கழிந்த பின்னரே தியாகராசர் பிறந்தார். வாழ்வில் சந்தித்திராத இருவரும் இங்கே இசையால் சந்திக்கின்றனர். கர்நாடக இசை ஒரே இழையை விரித்துச் செல்வது. பாக்கின் இசை பல இழைகளை ஒருங்கே நெய்வது. வி. எஸ். நரசிம்மனின் வயலின் இராகத்தின் வழியே செல்ல, உடன்வரும் நரம்புக் கருவிகள் தத்தம் மெட்டுகளை ஒரே வேளையில் இசைக்கின்றன. ஆயினும் இராகத்தின் இயல்பு சிதைவதில்லை.

திரைக்கென எழுதப்படாத இவ்விசையே பின்னர்த் திரைக்கும் பொருந்தியது. நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணொருத்தி சொந்த வீடு கட்டப் படும் பாட்டைக் கூறும் ‘வீடு’ (1988) திரைப்படத்தில் பாலு மகேந்திரா இதனைப் பின்னணி இசையாக்கினார்.

மரபுகளை இணைப்பது அவற்றை அறியாமல் கலப்பதன்று. ஒவ்வொன்றையும் முறையாகக் கற்றவரே எல்லையைக் கடக்க இயலும் என்பதை இத்தொகுப்பு உணர்த்துகிறது.